அப்பாவின் மைக்ராஸ்கோப்: எதைப் பிரிக்கலாம், எதைப் பிரிக்கக் கூடாது

கேள்வி: என் அப்பா கோரிப்பாளையத்தில், பெரியாஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ரத்தப் பரிசோதனை நிலையம் நடத்தியவர். அவருடைய மைக்ராஸ்கோப் மரப்பெட்டியோடு எங்கள் வீட்டுப் பரணில் பல வருடம் கிடந்தது. போன மாதம்தான் இறக்கினோம். கறுப்பு நிறம், லாட வடிவ அடிப்பாகம், ஒற்றைக் குழல். குழலில் 'எர்ன்ஸ்ட் லைட்ஸ், வெட்ஸ்லார்' என்று பொறித்திருக்கிறது. குழலை ஏற்றி இறக்கும் பெரிய திருகு இம்மியும் நகரவில்லை. ஐபீஸ் வழியாகப் பார்த்தால் ஒரே மங்கல். அதற்குள் நூல் நூலாக ஏதோ படர்ந்திருக்கிறது. பழுது பார்ப்பவர் ஒருவரிடம் காட்டினோம். இனி ஷோகேஸுக்குத்தான் ஆகும் என்று சொல்லிவிட்டார். புளி போட்டுத் தேய்த்து வரவேற்பறையில் வைக்கலாம் என்கிறான் தம்பி. எனக்கு அதில் மறுபடியும் ஒரு ஸ்லைடு பார்க்க வேண்டும். நானே பிரித்துச் சுத்தம் செய்யலாமா, ஐயா?
— ஒரு வாசகி, திருமங்கலம்

பதில்: தாராளமாகச் செய்யலாம் அம்மா. நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் கிரீஸ் இறுகிப் போயிருக்கிறது, கண்ணாடியில் அழுக்கும் பூஞ்சையும் ஏறியிருக்கின்றன. பரணில் கிடந்த எந்த மைக்ராஸ்கோப்புக்கும் வருவதுதான் இது. இதை வைத்து ஒரு கருவி செத்துப்போனதாகச் சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். புளி மட்டும் வேண்டாம். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

ஒரு விஷயத்தை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உலோகப் பாகங்களைப் பிரிக்கலாம், கண்ணாடியைப் பிரிக்கக் கூடாது. அடியில் இருக்கும் ஆப்ஜெக்டிவ் ஒவ்வொன்றுக்குள்ளும் பல லென்ஸ்கள் அடுக்கியிருக்கும். நூறு எண் போட்டதில் முனை லென்ஸ் கடுகளவுதான். சில லென்ஸ்களைக் கனடா பால்சம் என்ற மரப்பிசினால் ஒட்டியிருப்பார்கள். அவற்றுக்கு இடையிலுள்ள தூரத்தைத் தொழிற்சாலையிலேயே சரிபார்த்துப் பூட்டியிருப்பார்கள். அதைக் குலைத்துவிட்டால் வீட்டில் வைத்துத் திரும்பச் சேர்க்க முடியாது. பழைய மைக்ராஸ்கோப்புகள் வீணாவது பெரும்பாலும் துருவால் அல்ல, ஆர்வக்கோளாறில் ஆப்ஜெக்டிவைத் திறந்தவர்களால்தான்.

ஸ்க்ரூடிரைவரை எடுப்பதற்கு முன் அழுக்கு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். வெளிச்சத்தைப் பார்த்தபடி ஐபீஸை மட்டும் மெல்லச் சுழற்றுங்கள். கறையும் கூடவே சுற்றினால் அது ஐபீஸில் இருக்கிறது. சுற்றாவிட்டால் ஆப்ஜெக்டிவிலோ, கீழே ஒளியைக் குவிக்கும் கண்டென்சரிலோ இருக்கிறது. ஆப்ஜெக்டிவைக் கழற்றி, ஐபீஸைத் தலைகீழாகப் பிடித்துப் பூதக்கண்ணாடியாக வைத்து அதன் முனையைப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத கீறல்கூடத் தெரிந்துவிடும். நூல் நூலாகப் படர்ந்தது பூஞ்சை. மஞ்சளாகக் கெட்டியாக ஒட்டியிருந்தால் அது ஸ்லைடுக்கும் நூறாம் எண் லென்ஸுக்கும் நடுவே விட்ட பழைய சீடர் வுட் ஆயில். லென்ஸின் ஓரத்திலிருந்து வானவில் நிறத்தில் இறகு விரிந்த மாதிரி தெரிந்தால் உள்ளேயிருக்கும் பால்சம் விட்டுக்கொண்டிருக்கிறது. அதைத் தொடாதீர்கள். நடுப்பகுதி தெளிவாக இருக்கும்வரை அதோடேயே பார்க்கலாம்.

இடம், ஆயத்தம். மேஜையில் வெள்ளைத் துணி விரியுங்கள். உருளும் ஸ்க்ரூ தரையில் போகாமல் இருக்க மேஜை ஓரத்தில் துணியைச் சுருட்டி விடுங்கள். நன்றாகக் கழுவிக் காயவைத்த அஞ்சறைப் பெட்டி இதற்கு மிக வசதி. எந்தப் பாகத்தின் ஸ்க்ரூ எந்தக் கிண்ணத்தில் என்று எழுதி ஒட்டுங்கள். ஒவ்வொரு பாகத்தையும் கழற்றும் முன் கைபேசியில் படம் எடுங்கள். கடிகாரம் பழுதுபார்ப்பவர்கள் வைத்திருக்கும் ஸ்க்ரூடிரைவர் செட் ஒன்று வாங்குங்கள். முனை பள்ளத்தில் இறுக்கமாக உட்கார வேண்டும். பழைய ஸ்க்ரூக்களின் தலை சீக்கிரம் பிய்ந்துவிடும்.

மின்விசிறியை அணைத்துவிடுங்கள். மதுரை வெயிலில் கஷ்டம்தான், ஆனாலும் தூசிக்கு வேறு வழியில்லை. 1897 ஆகஸ்டில் செகந்திராபாத்தில் மருத்துவர் ரொனால்ட் ராஸ், அறுத்து வைத்த கொசுக்கள் பறந்துவிடும் என்று பங்கா போடாமலே வேலை செய்தார். நெற்றியிலும் கையிலும் வழிந்த வியர்வையில் தன் மைக்ராஸ்கோப்பின் திருகுகள் துருப்பிடித்ததையும், கைவசமிருந்த கடைசி ஐபீஸில் விரிசல் விட்டிருந்ததையும் பின்னாளில் எழுதி வைத்தார். அந்தக் கருவியில்தான் கொசுவின் வயிற்றுச் சுவரில் மலேரியாக் கிருமியைக் கண்டார். உங்கள் அப்பா ரத்தத் துளியில் தேடியிருக்கக்கூடியதும் அதே கிருமியைத்தான். வியர்வைக்குத் தோளில் ஒரு துண்டு போட்டுக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் விரல் பட்ட உலோகத்தையெல்லாம் ஒருமுறை துடைத்துவிடுங்கள்.

இப்போது பெரிய திருகு. அதைப் பலங்கொண்டு திருப்புவதை இன்றோடு நிறுத்துங்கள். உள்ளே பல் வைத்த பட்டையும் சின்னப் பல்சக்கரமும் இருக்கின்றன. ஒரு பல் போனாலும் மாற்றுப் பாகம் கிடைக்காது. முதலில் ஐபீஸ், ஆப்ஜெக்டிவ்கள், கண்டென்சர், அடியிலுள்ள கண்ணாடி எல்லாவற்றையும் கழற்றித் தனியே மூடி வையுங்கள். குழல் சறுக்கும் இடுக்கில் இரண்டு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு ஓர் இரவு அப்படியே விடுங்கள். மறுநாள் ஹேர் டிரையரால் மிதமாகச் சூடு காட்டி, திருகை இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று அசைத்துப் பாருங்கள். இளகிவிடும். இளகியதும் குழலை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, பல்சக்கரத்தை மூடியிருக்கும் தகட்டின் ஸ்க்ரூக்களைக் கழற்றுங்கள். தகட்டுக்கு அடியில் மெல்லிய காகிதமோ உலோகத் தாளோ இருந்தால் குப்பை என்று எறிந்துவிடாதீர்கள். பல்சக்கரம் எவ்வளவு இறுக்கமாகப் பதிய வேண்டும் என்பதற்காகத் தொழிற்சாலையில் வைத்தது அது. பிறகு குழல் மேல்பக்கமாக உருவிக்கொண்டு வரும்.

உள்ளே கிரீஸ் பச்சையாக, மெழுகாக இறுகியிருக்கும். பழைய கொழுப்பு புளித்துப் பித்தளையில் களிம்பு ஏறியதால் வந்த நிறம் அது. மூங்கில் குச்சியால் சுரண்டி, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷும் மண்ணெண்ணெயும் கொண்டு துலக்குங்கள். கடைசியில் மண்ணெண்ணெய்ப் பிசுக்கு போக வெள்ளைப் பெட்ரோலால் ஒரு முறை. அதை வாசலில், அடுப்பும் விளக்கும் இல்லாத இடத்தில் செய்யுங்கள். கத்தி, எமரி தாள் கிட்டவே வரக்கூடாது. சறுக்கும் தடத்தில் ஒரு கீறல் விழுந்தால் குழல் ஆட ஆரம்பிக்கும்.

புதிதாக எதைப் போடுவது என்பதில்தான் நம் ஊரில் பலர் சறுக்குகிறார்கள். தேங்காய் எண்ணெய் போட்டால் நாளடைவில் சிக்குப் பிடித்து மறுபடியும் களிம்பேறும். தையல் மிஷின் எண்ணெய் நிற்காது. மலிவான கிரீஸ் சித்திரை வெயிலில் இளகி வழியும். குழல் தானாக இறங்கி லென்ஸ் ஸ்லைடில் போய் முட்டும். அதிக வெப்பம் தாங்கும் லித்தியம் கிரீஸ் கேட்டு வாங்கி, சறுக்குத் தடத்தில் விரலால் மெல்லிய பூச்சாகத் தடவுங்கள். பற்களுக்குப் பட்டும் படாமல் போதும்.

படத்தை நுணுக்கமாகக் கூர்மையாக்கும் சின்னத் திருகைப் பிரிக்காதீர்கள். உள்ளே இழுவிசையோடு சுருள்வில் இருக்கும், திறந்ததும் தெறித்து ஓடும். அது நகராவிட்டால் பழுது என்றும் முடிவு கட்டிவிட வேண்டாம். பல சமயம் கடைசி எல்லை வரை திருகி நிற்கும், அவ்வளவுதான். எதிர்ப்பக்கம் மெல்லத் திருப்பி நடுவே கொண்டுவந்து வையுங்கள்.

ஐபீஸும், பின்னால் வரும் கண்டென்சரும் மட்டும்தான் நான் சொன்ன விதிக்கு விலக்கு. பழைய சாதாரண ஐபீஸில் மேலே ஒரு லென்ஸ், கீழே ஒரு லென்ஸ், நடுவில் துளையிட்ட வளையம் ஒன்று. மேலும் கீழும் திருகினால் கழன்றுவிடும். இரண்டு லென்ஸுக்கும் ஒரு பக்கம் தட்டையாகவும் மறுபக்கம் குவிந்தும் இருக்கும். திரும்பப் பூட்டும்போது இரண்டின் தட்டைப் பக்கமும் மேலே, கண்ணைப் பார்த்து இருக்க வேண்டும். துடைக்கக் கை வைக்கும் முன் அந்த வளையத்தை நன்றாகப் பாருங்கள். அதன் விளிம்பிலிருந்து நடுவரை ஒரு மயிரிழை நீட்டிக்கொண்டிருக்கலாம். அது அழுக்கல்ல. ஸ்லைடில் ஒன்றைச் சுட்டிக்காட்ட, கண்ணிமை முடி ஒன்றை ஒட்டி வைப்பது ஆய்வகத்தில் கற்றுக்கொடுப்பவர்களின் வழக்கம். உங்கள் அப்பா யாருக்காவது தொழில் பழக்கியிருந்தால் அவர் ஒட்டியதாக இருக்கும். வளையத்தைத் துடைக்காமல், காற்று மட்டும் ஊதி அப்படியே பூட்டிவிடுங்கள்.

கண்ணாடி துடைப்பதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் ரப்பர் பந்தால் காற்று ஊதித் தூசியை விரட்ட வேண்டும். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். மணல்தூள் ஒன்று ஒட்டியிருக்கும்போது துடைத்தால் அதுவே கீறிவிடும். அடுத்தது மென்மையான பிரஷ். அதன்பின் காய்ச்சி வடித்த நீரில் ஒரு சொட்டுத் திரவ சோப்பு கலந்து, குச்சியில் சுற்றிய பஞ்சால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகச் சுழற்றித் துடையுங்கள். லென்ஸ் பேப்பர் கிடைக்காவிட்டால் பலமுறை துவைத்த பருத்தி வேட்டித் துணி போதும். கஞ்சி போட்டதாக இருக்கக் கூடாது.

நூறாம் எண் லென்ஸில் சீடர் வுட் ஆயில் இறுகியிருந்தால் தண்ணீருக்கு அது அசையாது. அந்த எண்ணெய் காற்றுப் பட்டால் கெட்டியாகி வார்னிஷாகிவிடும். தினமும் துடைத்தாலும் ஓரத்தில் கொஞ்சம் தங்கிவிடும். லென்ஸ் பேப்பரில் ஒரு சொட்டு சைலின் தொட்டு, முனையை ஒரு முறை துடைத்து எடுங்கள். காய்ந்ததும் புதுப் பேப்பரில் இன்னொரு முறை. சைலினில் ஊறப்போடவே கூடாது. அது உள்ளே கசிந்தால் லென்ஸை ஒட்டிய பால்சத்தையும் கரைத்துவிடும். ஸ்லைடு வைக்கும் மேடை கறுப்பு எபோனைட்டாக இருந்தால் அதிலும் சைலின் பட வேண்டாம். ஜன்னல்களைத் திறந்து வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

பூஞ்சைக்கு மருந்துக்கடை ஹைட்ரஜன் பெராக்சைடைப் பாதிக்குப் பாதி காய்ச்சி வடித்த நீரில் கலந்து பஞ்சில் தொட்டுத் துடையுங்கள். சுற்றியுள்ள பித்தளையில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பூஞ்சை போய்விடும். அது சுரந்த அமிலம் கண்ணாடியை அரித்திருந்தால் அந்தத் தடம் மட்டும் நிற்கும், படம் ஓரளவு மங்கும். பூஞ்சைக்கும் நம் ஊருக்கும் மருத்துவ நூல்களிலேயே உறவு உண்டு. பாதம் வீங்கிப் புண்ணாகும் 'மதுரா பாதம்' என்ற நோய்க்கு, 1840களில் இங்கே பணியாற்றிய ஆங்கில மருத்துவர்கள் எழுதிய குறிப்புகளால் இந்தப் பெயர் வந்தது. அதற்குப் பூஞ்சை காரணம் என்று பம்பாயில் மருத்துவர் ஹென்றி வான்டைக் கார்ட்டர் நிறுவியது மைக்ராஸ்கோப்பின் துணையோடுதான்.

கண்டென்சரின் லென்ஸ்கள் பெரியவை, கையால் திருகிக் கழற்றிச் சுத்தம் செய்யலாம். அதன் அடியில் மெல்லிய எஃகு இதழ்களாலான ஐரிஸ் இருக்கிறது. ஒட்டிக்கொண்டிருந்தால் லென்ஸ்களை எடுத்துவிட்டு, ஐரிஸை முழுசாக வெள்ளைப் பெட்ரோலில் அலசி, நெம்புகோலை மெல்ல அசையுங்கள். இதழைத் தனியே பிடித்து இழுத்தால் அதன் முளை பிடுங்கிக்கொண்டு வரும். காய்ந்தபின் எண்ணெய் எதுவும் போடாதீர்கள்.

இனி புளி. உங்கள் மைக்ராஸ்கோப்பின் பித்தளை வெறும் பித்தளை அல்ல. மேலே மெல்லிய அரக்குப் பூச்சு உண்டு. அந்தப் பொன்னிறமே பூச்சினால்தான். புளியும் பித்தளை பாலிஷும் அதை உரித்துவிடும். ஸ்பிரிட்டில் கரைந்தே போகும். சில மாதங்களில் பித்தளை கறுத்து, வாராவாரம் தேய்க்கும்படி ஆகும். ஈரத் துணியில் சோப்பு நீர், பிறகு உலர்ந்த துணி, கொஞ்சம் மெழுகு. கறுப்பு எனாமலுக்கும் இதே போதும். அங்கங்கே தேய்ந்திருந்தால் அது உங்கள் அப்பாவின் கை பட்ட இடம். அப்படியே இருக்கட்டும்.

பூட்டுவது பிரித்ததற்கு நேர் எதிர் வரிசை. ஆப்ஜெக்டிவை மாட்டும்போது முதலில் எதிர்ப்பக்கம் திருப்புங்கள். சின்னதாக ஒரு 'டிக்' கேட்ட பிறகு வலப்பக்கம் திருப்பினால் மரை கோணாது. அக்கால லைட்ஸ் ஆப்ஜெக்டிவ்கள் 170 மி.மீ. குழல் நீளத்துக்குச் செய்தவை. மற்றக் கம்பெனிகளில் பெரும்பாலோர் 160க்குச் செய்தார்கள். ஏதாவது ஒன்று கெட்டிருந்தால் வேறு கம்பெனி லென்ஸை மாட்டலாம், மரை பொருந்தும். ஆனால் அதிகப் பெருக்கத்தில் படம் கூர்மையாக வராது. முதல் ஸ்லைடுக்கு வெங்காயத்தோல் போதும். பத்தாம் எண் லென்ஸில் தொடங்கி, குழலை மேலே ஏற்றிக்கொண்டே தேடுங்கள். அடியிலுள்ள கண்ணாடியை ஜன்னல் வானத்துக்குத் திருப்புங்கள். வெயிலுக்கு நேராகத் திருப்பினால் கண் போய்விடும்.

மறுபடியும் அந்த மரப்பெட்டிக்குள் பூட்டி வைக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தை மரம் உறிஞ்சி வைத்துக்கொண்டு விடாது. பெட்டியைத் தனியாகப் பத்திரப்படுத்துங்கள். மைக்ராஸ்கோப்பைக் காற்றோட்டமான அலமாரியில் உறை போட்டு வையுங்கள். லென்ஸ்களை மட்டும் மூடி இறுகும் டப்பாவில், ஆரஞ்சு நிற சிலிக்கா ஜெல்லோடு வைத்தால் போதும். மழைக்காலத்தில் நிறம் மாறியதும், சமையலுக்கு எடுக்காத வாணலியில் மிதமான சூட்டில் வறுத்துப் பழைய நிறம் வந்ததும் திரும்பப் போடுங்கள். பழைய ஆய்வகங்களில் அலமாரிக்குள் சின்ன குண்டு பல்ப் ஒன்றை எரியவிடுவார்கள். எல்.இ.டி. பல்பில் அந்தச் சூடு வராது, அதனால் அதில் பயனில்லை.

இவ்வளவும் செய்த பிறகும் குழல் ஆடினாலோ படம் இரட்டையாகத் தெரிந்தாலோ, கல்லூரி ஆய்வகங்களுக்கு மைக்ராஸ்கோப் சர்வீஸ் செய்பவரிடம் கொண்டு போங்கள். பக்கத்துக் கல்லூரியின் விலங்கியல் துறையில் கேட்டால் ஆள் சொல்வார்கள். ஆப்ஜெக்டிவைத் திறக்க வேண்டும் என்று அவர் சொன்னால், ஏன் என்று முதலில் கேளுங்கள்.