பெயரில் நெய்த வரலாறு

நுழையும்முன்

துணியின் பெயருக்குள் ஒரு நகரின் வணிகமும் ஒரு கருவியின் கதையும் பொதிந்திருக்கக்கூடும். பூவேலைப்பாடு மிக்க டமாஸ்க் துணியின் பெயர்க்காரணத்தையும் நெசவு நுட்பத்தையும் இப்பாடம் விளக்குகிறது.

ஊரின் பெயர்

சங்க இலக்கியத்தில் ஆடையைக் குறிக்கும் சொற்களுள் ஒன்று கலிங்கம். கலிங்க நாட்டிலிருந்து வந்த துணிக்கு அந்நாட்டின் பெயரே வழங்கியது என்பர். இடத்தின் பெயர் பொருளுக்கு ஆகிவருவது இடவாகுபெயர். டமாஸ்க் என்னும் பெயரும் அத்தகையதே. சிரியாவின் டமாஸ்கஸ், இடைக்காலத்தில் புகழ்பெற்ற வணிக நகரம். சீனர் முதலிய பிறரும் பூவேலைப் பட்டு நெய்தனர். எனினும், ஐரோப்பியர் அத்துணியை டமாஸ்கஸின் பெயராலேயே அழைத்தனர்.

ஒளியில் தோன்றும் பூ

டமாஸ்க் பெரும்பாலும் ஒரே நிறத்தில் நெய்யப்படும். தறியில் நீளவாக்கில் அமைவது பாவு. குறுக்கே ஓடுவது ஊடை. துணியின் தளத்தில் பாவுநூல் மேலோங்கும். பூவில் ஊடைநூல் மேலோங்கும். இரண்டின்மீதும் ஒளி வெவ்வேறாகப் படுவதால் பூ தனித்துத் தெரிகிறது. துணியைத் திருப்பினால் இவ்வமைப்பு தலைகீழாகும்.

துளையிட்ட அட்டைகள்

பழைய தறியில் இவ்வேலைப்பாட்டுக்கு இருவர் தேவை. நெசவாளர் ஊடையைச் செலுத்துவார். உதவியாளர், பெரும்பாலும் சிறுவர், உரிய பாவுநூல்கள் உயருமாறு ஒவ்வொரு முறையும் கயிறுகளை இழுப்பார். பிரான்சின் லியோன் நகரைச் சேர்ந்த ஜோசப் மேரி ஜக்கார்டு, முன்னோர் முயற்சிகளைச் செம்மைப்படுத்தி, 1804இல் புதிய கருவியை உருவாக்கினார். அட்டையில் துளையுள்ள இடத்தில் பாவுநூல் உயரும். துளையில்லா இடத்தில் உயராது. ஓர் ஊடைக்கு ஓர் அட்டை. கயிறிழுக்கும் கடும்பணி ஒழிந்தது. பிழைப்பு போகுமென அஞ்சி நெசவாளர் எதிர்த்ததும் உண்டு. பின்னாளில் சார்லஸ் பாபேஜ் தம் கணிப்பொறித் திட்டத்தில் இத்துளையட்டை முறையைக் கையாண்டார்.

இன்று காஞ்சிபுரத்துத் தறிகளிலும் ஜக்கார்டு என்னும் சொல் ஒலிக்கிறது. செய்தவர் பெயர் செய்த பொருளுக்கு ஆகிவந்ததால் இது கருத்தாவாகுபெயர்.

ஊர் ஒரு துணிக்குப் பெயரானது. கண்டறிந்தவர் ஒரு கருவிக்குப் பெயரானார். கயிறிழுத்த சிறுவரின் பெயரோ எந்தத் துணிக்கும் ஆகிவரவில்லை. பெயர்க்காரணம் அறிவோர், பெயர் பெறாத அக்கைகளையும் நினைத்தல் வேண்டும்.