பொய்யின் தெய்வமா, நாற்சந்தியின் தெய்வமா? யொரூபா மக்களின் எஷு வழிபாடும் பெயர்ப்பெயர்ப்பின் சிக்கலும்

ஆய்வுச் சுருக்கம்

வஞ்சகமும் குறும்பும் உடையனவாகச் சித்திரிக்கப்படும் தெய்வங்கள் உலகத் தொன்மங்கள் பலவற்றில் உண்டு. அவற்றைப் ‘பொய்யின் தெய்வங்கள்’ என வகைப்படுத்துமிடத்து, அவற்றை வழிபடுவோரும் பொய்மையைப் போற்றுவோராகக் கருதப்படுகின்றனர். மேற்கு ஆப்பிரிக்க யொரூபா மக்களின் எஷு என்னும் தெய்வத்தைக் கொண்டு இக்கருத்தை இக்கட்டுரை ஆராய்கிறது. எஷு ‘சாத்தான்’ என மொழிபெயர்க்கப்பட்டதன் விளைவு, தமிழ்ச் சூழலோடு ஒப்பிட்டு நோக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: எஷு, யொரூபா, இஃபா, வஞ்சகத் தெய்வம், மொழிபெயர்ப்பு, நாட்டார் தெய்வம்

முன்னுரை

வட அமெரிக்கத் தொல்குடியினரான வின்னபேகோ மக்களின் கதைகளை ஆராய்ந்து பால் ராடின் 1956இல் வெளியிட்ட நூலுக்குப் பின்னர், ‘வஞ்சக நாயகன்’ என்பது தொன்மவியலில் நிலைபெற்றதொரு கருத்தாக்கமாயிற்று. கதைமாந்தனுக்கும் வழிபடு தெய்வத்துக்கும் இடையிலான வேறுபாட்டை அக்கருத்தாக்கம் எளிதில் மறைத்துவிடுகிறது. வடபுலத் தொன்மங்களின் லோகி இதற்குச் சான்று. தோர், ஓதின் ஆகியோர் பெயரால் ஸ்காண்டிநேவியாவில் ஊர்ப்பெயர்கள் உள்ளன. லோகிக்கு வழிபாடு இருந்தமைக்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை. அவன் கதைகளில் வாழ்பவன். எஷுவோ படையலும் பூசகரும் அடியவரும் உடைய தெய்வம். ஆகவே வஞ்சகத் தெய்வத்தின் அடியவர் எதனைப் போற்றுகின்றனர் என்னும் வினாவை எஷுவை வைத்தே பொருளுடன் எழுப்பமுடியும்.

எஷுவின் தொழிலும் இடமும்

யொரூபா மக்கள் இன்றைய நைஜீரியாவின் தென்மேற்கிலும் அதனையடுத்த பெனின் நாட்டிலும் வாழ்கின்றனர். ஒரிஷா எனப்படும் அவர்தம் தெய்வங்களுள் எஷு விண்ணுலகுக்கும் மண்ணுலகுக்கும் இடையே செல்லும் தூதன். எந்தத் தெய்வத்துக்குப் பலியிடினும் அதில் எஷுவுக்கு ஒரு பங்கு உண்டு. அப்பங்கு வழங்கப்படாவிடின் பலி உரிய இடத்தைச் சென்றடையாது என்பது நம்பிக்கை. இஃபா என்னும் குறிகேட்கும் முறையில் பயன்படும் மரத்தட்டின் விளிம்பில் எஷுவின் முகம் செதுக்கப்பட்டிருக்கும். 16 பனங்கொட்டைகளைக் கொண்டு 256 குறிகளுள் ஒன்றைப் பெறும் அம்முறையில், குறியின் பொருளை அறிவிப்பவன் ஒருன்மிலா. அதன்வழி விதிக்கப்படும் பலியைக் கொண்டு செல்பவன் எஷு. நாற்சந்தி, சந்தை, வாயில் ஆகியன அவனுக்குரிய இடங்கள். ஓரிடம் மற்றோரிடமாக மாறும் எல்லையும், ஒருவர் கைப்பொருள் மற்றொருவர் கைக்கு மாறும் களமும் அவை. பரிமாற்றம் நிகழுமிடத்தில் ஏமாற்றமும் நிகழக்கூடும் என்னும் பட்டறிவே இவ்விடங்களை எஷுவோடு இணைத்தது எனக் கருதலாம்.

இருநிறக் குல்லாயும் உண்மையும்

எஷு பற்றிய கதைகளுள் பரவலாக அறியப்பட்டது குல்லாய்க் கதை. அடுத்தடுத்த நிலங்களை உழுதுவந்த நண்பர் இருவர் பிரியா நட்புடையோர். ஒருபுறம் ஒரு நிறமும் மறுபுறம் வேறு நிறமும் கொண்ட குல்லாயை அணிந்து எஷு அந்நிலங்களின் வரப்பில் நடந்து செல்கிறான். சென்றவனின் குல்லாய் எந்நிறம் என்பதில் நண்பர்க்குள் பூசல் எழுந்து கைகலப்பாக முற்றுகிறது. நிறங்கள் வடிவத்துக்கு வடிவம் வேறுபடுகின்றன. நண்பர் தம் நட்புக்கு உறுதி செய்துகொண்டபோது எஷுவை எண்ணத் தவறினர் என்று சில வடிவங்கள் காரணம் கூறும்.

இக்கதையில் எஷு பொய்யொன்றும் உரைக்கவில்லை என்பது நோக்கத்தக்கது. நண்பர் இருவர் கண்டதும் உண்மையே. தாம் கண்ட ஒரு பக்கத்தை முழுமையெனக் கொண்டமையே பூசலுக்கு வித்தாயிற்று. எனவே எஷு பொய்யைப் படைப்பவன் அல்லன். உறுதிப்பாட்டினுள் மறைந்திருக்கும் பிழையை வெளிக்கொணர்பவன். ஹென்றி லூயி கேட்ஸ் 1988இல் வெளியிட்ட நூலில் எஷுவைப் பொருள்கோளின் உருவகமாகக் கொண்டமை இதனோடு பொருந்துகிறது. லோகியும் விருந்தொன்றில் தேவர்களின் மறைகுற்றங்களை வெளிப்படுத்துபவனாக ஐஸ்லாந்தியப் பாடலொன்றில் வருகிறான். ‘பொய்யன்’ எனப்படுவோன் மறைக்கப்பட்டதைச் சொல்பவனாகவும் அமைவது இவ்விருவர்க்கும் பொதுவாகும்.

அடியவர்

எஷுவுக்குரிய உருக்களுள் ஒன்று யாங்கி எனப்படும் செம்பூரான் கல். அதன்மேல் செம்பனை எண்ணெய் ஊற்றி அவனைக் குளிர்விப்பர். பனங்கொட்டைப் பருப்பிலிருந்து எடுக்கும் எண்ணெய் அவனுக்கு விலக்கு. அது அவன் சினத்தைத் தூண்டும் என்பர். ஒரே மரத்தின் இருவகை எண்ணெய்களுள் ஒன்று தணிப்பதாகவும் மற்றொன்று வெகுளச் செய்வதாகவும் அமைவது அத்தெய்வத்தின் இருமுகத் தன்மைக்குப் பொருத்தமாகவே உள்ளது. விழாக்களில் அடியவர் சோழி மாலைகள் தொங்கும் எஷு உருவங்களை ஏந்தி ஆடுவர். ‘எஷு ஈன்றது’ என்று பொருள்படும் எஷுபியி என்னும் பெயர் மக்கட்பெயராக வழங்குகிறது. பிள்ளைக்கு இடப்படும் பெயரில் அச்சமும் நன்றியும் ஒருங்கே அடங்கியுள்ளன. இவற்றுள் எதுவும் பொய்யுரைத்தலை அறமாகப் போற்றுவதன்று. நிலையற்ற உலகில் தவறக்கூடியதை முன்னரே மதித்து நடப்பதே அடியவர் நெறி.

பெயர்ப்பெயர்ப்பு

19ஆம் நூற்றாண்டில் யொரூபா மொழிக்கு விவிலியத்தைப் பெயர்த்த பணியில் தலைமையிடம் வகித்தவர் சாமுவேல் அஜாயி கிரௌதர். இளமையில் அடிமையாக விற்கப்பட்டு மீட்கப்பட்ட இவர், 1864இல் ஆங்கிலிக்கன் பேராயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். அம்மொழிபெயர்ப்பில் அலகைக்குரிய சொல்லாக ‘எஷு’ இடம்பெற்றது. இது அயலாரின் அறியாமையால் நேர்ந்ததெனக் கூறவியலாது. பெயர்த்தவர் யொரூபா மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவர். யொரூபா மரபில் கேடு தரும் ஆற்றல்கள் பல உண்டு. தீமை முழுவதற்கும் உருவான தனியொரு பகைத்தெய்வம் இல்லை. இல்லாத ஓரிடத்தை நிரப்ப, அஞ்சப்பட்ட தெய்வம் ஒன்று தேர்ந்தெடுக்கப்பட்டது. அதனால் அச்சம் எஞ்சியது; தூது மறைந்தது. எஷுபியி என்பதனை ஜேசுபியி என மாற்றிக்கொண்டோரும் உளர்.

இச்சமன்பாடு தவிர்க்கவியலாததன்று என்பதை அடிமை வணிகத்தால் கடல்கடந்த மரபுகள் காட்டுகின்றன. பிரேசிலில் எஷு அலகையோடு இணைக்கப்பட்டான். கியூபாவிலோ எலெகுவா என்னும் பெயரில் குழந்தை இயேசுவின் திருவுருவான அதோச்சாக் குழந்தையோடு இணைக்கப்பட்டான். ஹைத்தியில், எஷுவுக்கு இணையான லெக்பா, திறவுகோல் ஏந்திய புனித பேதுருவோடு பொருத்தப்பட்டான். வாயிலுக்குரியவன் என்னும் தொழிலை நோக்கியோர்க்குத் திறவுகோல் தென்பட்டது; குழப்பத்தை மட்டும் நோக்கியோர்க்கு அலகை தென்பட்டது.

தமிழ்ச் சூழல்

தமிழ் விவிலியத்தில் ‘பிசாசு’ என்னும் பொதுச்சொல்லும் ‘சாத்தான்’ என்னும் எபிரேயக் கடன்சொல்லும் ஆளப்பட்டன. சீத்தலைச் சாத்தனார் பெயரிலும் ஐயனார்க்குரிய பெயராகவும் அமையும் ‘சாத்தன்’ என்பதற்கும் இக்கடன்சொல்லுக்கும் ஒலியொப்புமையன்றி வேறு தொடர்பில்லை. தனித்தெய்வம் ஒன்றின் பெயர் அலகையின் பெயராகும் நிலை இங்கு நேரவில்லை. எனினும் கால்டுவெல் 1849இல் வெளியிட்ட நூல், திருநெல்வேலிப் பகுதியின் மாடன் முதலிய தெய்வங்களின் வழிபாட்டைப் பேய் வழிபாடாகவே விளக்கியது. அங்குப் பெயர் மாறியது; இங்கு வகைப்பெயர் மாறியது. காரைக்கால் அம்மையார் தம்மைப் ‘பேய்’ எனச் சுட்டிக்கொண்ட மரபில், அச்சொல் தீமையை மட்டும் குறித்ததன்று. பழஞ்சொல்லின் பொருட்பரப்பு சுருங்கியபோது, அதனால் சுட்டப்பட்ட வழிபாட்டின் மதிப்பும் சுருங்கியது.

முடிவுரை

எஷுவின் அடியவர் பொய்மையின் அடியவர் அல்லர். பகுதியுண்மையின் இடரை அறிந்து, செய்தி செல்லும் வழியைக் காப்போர். ‘பொய்யின் தெய்வம்’ என்னும் தொடர் அத்தெய்வத்தைக் காட்டிலும் அதனை வகைப்படுத்துவோரின் அறவியலையே மிகுதியும் உணர்த்துகிறது. ஒரு தெய்வத்தை நன்மை தீமை என்னும் இருமைக்குள் வைப்பதற்கு முன், அது நிற்கும் இடம், ஏற்கும் படையல், ஆற்றும் தொழில், அடியவர் இடும் பெயர் ஆகிய நான்கையும் விளக்குவது தக்க ஆய்வுமுறையாகும். தமிழக நாட்டார் தெய்வங்கள் குறித்த 19ஆம் நூற்றாண்டுப் பதிவுகளை இம்முறையில் மீளப் படிப்பின், ‘பேய்’ என்னும் ஒரே சொல்லின்கீழ் அடக்கப்பட்ட தெய்வங்களின் தனித்தன்மைகள் வெளிப்படும்.