வெயிலின் கட்டுச்சோறு

நுழையும்முன்

கம்பி வழியே வீட்டுக்கு வரும் மின்சாரத்தை நாம் அளந்து செலவிடுவதில்லை. பொத்தானை அழுத்துகிறோம், விளக்கு எரிகிறது. கம்பி எட்டாத இடத்தில் இரவைக் கழிப்போருக்கு நிலைமை வேறு. கடலில் வலை விரித்துக் காத்திருக்கும் மீனவர், வீட்டு ஊர்தியில் பயணம் செய்வோர், புயலில் மின்கம்பம் சாய்ந்த ஊரார் ஆகிய எல்லாருக்கும் மின்சாரம் எண்ணிச் செலவிட வேண்டிய பொருளாகும். கையோடு எடுத்துச் செல்லும் சூரியத்தகடு இவர்களுக்கு எவ்வாறு உதவுகிறது, எங்கே கைவிடுகிறது என்பதைப் புதுச்சேரித் தேங்காய்த்திட்டின் கரையில் நின்று காண்போம்.

ஆற்றுமுகத்து ஊர்

புதுச்சேரி நகரின் தென்புறத்தில், அரியாங்குப்பம் ஆறு கடலோடு கலக்கும் இடத்தை ஒட்டி அமைந்தது தேங்காய்த்திட்டு. நீர் சூழ்ந்த மேட்டுநிலத்தைத் திட்டு என்பது வழக்கு. அலையாத்தி மரங்கள் வேரூன்றிய இந்தக் கழிமுகத்தில்தான் புதுச்சேரியின் மீன்பிடித் துறைமுகம் இயங்குகிறது. இதே ஆற்றின் கரையில், சற்று உள்ளே தள்ளி, அரிக்கமேடு இருக்கிறது. 1945இல் மார்ட்டிமர் வீலர் அங்கே நடத்திய அகழாய்வு, ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் ரோமானியரோடு நடந்த கடல் வணிகத்துக்குச் சான்று தந்தது. அன்று கலமேறியவர் நன்னீரும் உணவும் எடுத்துச் சென்றனர். இன்று படகேறுபவர் அவற்றோடு மின்சாரத்தையும் எடுத்துச் செல்ல வேண்டியிருக்கிறது.

விசைப்படகில் டீசல் எந்திரம் ஓடும்வரை மின்சாரத்துக்குக் குறைவில்லை. எந்திரமே சேமக்கலத்தை, அதாவது பேட்டரியை, மின்னேற்றிவிடும். வெளிப்பொருத்து எந்திரம் கொண்ட சிறிய ஃபைபர் படகுகளில் அந்த வசதி பெரும்பாலும் இராது. எந்திரத்தை நிறுத்திவிட்டு வலையருகே காத்திருக்கும் இரவில், கரையில் மின்னேற்றிக் கொண்டுவந்த சேமக்கலம் ஒன்றே துணை. பிற படகுகளுக்குத் தன் இருப்பைக் காட்டும் விளக்கு, இருக்குமிடம் சொல்லும் ஜி.பி.எஸ். கருவி, வி.எச்.எப். வானொலி, கைப்பேசி ஆகிய அனைத்தும் அதிலிருந்தே உயிர் பெறுகின்றன.

இது வசதியைப் பற்றிய பேச்சன்று. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் குமரிக் கடலைத் தாக்கியபோது, முன்னரே ஆழ்கடலுக்குச் சென்றிருந்த பல படகுகளுக்கு எச்சரிக்கை எட்டவில்லை. கரையிலிருந்து அனுப்பும் வானொலி அலை அத்தொலைவுக்குப் போகாததே அதற்கு முதன்மைக் காரணம். அந்தக் குறையைப் போக்கவே, செயற்கைக்கோள் வழியே செய்தி பரிமாறும் கருவிகளை ஒரு லட்சம் மீன்பிடிப் படகுகளில் பொருத்தும் திட்டத்தை இந்திய அரசு 2024 ஆகஸ்டில் தொடங்கியது. வானிலிருந்து செய்தி வந்துவிடும். அதனைப் பெற வேண்டிய கருவிக்கு மின்சாரம் இருக்க வேண்டுமே!

1839 முதல் 1958 வரை

ஒளி பட்டால் சில பொருள்களில் மின்சாரம் பிறக்கிறது என்பதை 1839இல் கண்டறிந்தவர் எட்மண்ட் பெக்கரல் என்னும் பிரெஞ்சு இளைஞர். அப்போது அவருக்கு வயது 19. நடைமுறைக்கு உகந்த சிலிக்கான் ஒளிமின்கலம் உருவாக அதன்பின் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாயிற்று. அமெரிக்காவின் பெல் ஆய்வகம் அதனை 1954 ஏப்ரலில் வெளியிட்டது. அதே ஆண்டு நவம்பர் 1ஆம் நாள்தான் புதுச்சேரியின் நிருவாகம் பிரெஞ்சுக்காரரிடமிருந்து இந்தியாவின் கைக்கு வந்தது. இரண்டுக்கும் தொடர்பேதும் இல்லை என்றாலும், நினைவில் வைத்துக்கொள்ள எளிதான ஆண்டு!

அந்த முதல் கலம், தன்மேல் விழுந்த ஒளியாற்றலில் ஏறத்தாழ 6 விழுக்காட்டையே மின்சாரமாக்கியது. இன்று சந்தையில் கிடைக்கும் நல்ல தகடுகள் 20 விழுக்காட்டைத் தாண்டிவிட்டன. விலை மிகுதியாயிருந்த தொடக்கக் காலத்தில் இதனை முதலில் வரவேற்றது விண்வெளித் துறை. 1958 மார்ச்சில் ஏவப்பட்ட வேன்கார்டு-1 என்னும் சிறு செயற்கைக்கோளே சூரிய மின்சாரத்தில் இயங்கிய முதல் செயற்கைக்கோள். வேதி மின்கலத்தால் இயங்கிய அதன் ஒலிபரப்பி சில மாதங்களிலேயே ஓய்ந்தது. ஒளிமின்கலத்தால் இயங்கியது 1964 வரை பேசிக்கொண்டிருந்தது. கம்பி எட்டாத இடத்துக்கு எடுத்துச் செல்வதற்கென்றே பிறந்த கருவி இது என்று கூறினாலும் பொருந்தும்.

தெரிந்து தெளிவோம்

ஓர் ஒளிமின்கலம் தருவது ஏறத்தாழ அரை வோல்ட் மட்டுமே. 36 கலங்களைத் தொடராக இணைத்தால் ஏறத்தாழ 18 வோல்ட் கிடைக்கும். 12 வோல்ட் சேமக்கலத்தை மின்னேற்ற அது போதும். இடையில் மின்னேற்றக் கட்டுப்படுத்தி ஒன்றைப் பொருத்துவர். சேமக்கலம் நிறைந்த பின்னும் மின்சாரம் பாய்ந்து அதனைக் கெடுத்துவிடாமல் காப்பது அதன் வேலை.

வேண்டுவது எவ்வளவு?

"கட்டுச்சோறு எத்தனை நாளைக்கு?" என்பது நம் பழமொழி. நெடுவழி செல்பவர் சோற்றைக் கட்டும் முன்னர் எத்தனை பேர், எத்தனை வேளை என்று எண்ணிப் பார்ப்பார். சூரியத்தகடு வாங்கப் புறப்படுபவர் பலர் இந்த எண்ணிக்கையை மறந்து, தகட்டின் அளவையே முதலில் கேட்கின்றனர். கேள்வியைத் தலைகீழாகத் தொடங்குவதுதான் அவர்களுடைய ஏமாற்றத்துக்குக் காரணம்.

ஒரு சிறு படகின் ஓர் இரவை எடுத்துக்கொள்வோம். 10 வாட் எல்.இ.டி. விளக்கு 6 மணி நேரம் எரிந்தால் 60 வாட்-மணி. 5 வாட் இழுக்கும் வானொலி 12 மணி நேரம் விழித்திருந்தால் 60 வாட்-மணி. இடங்காட்டும் கருவிக்கு 50, இரு கைப்பேசிகளுக்கு 30 என்று கொண்டால், மொத்தத் தேவை 200 வாட்-மணி.

இனி வரவு. 100 வாட் தகடு என்றால் எந்நேரமும் 100 வாட் தரும் என்று எண்ணக் கூடாது. நல்ல வெயில் நாளில் புதுச்சேரியில் அது ஏறத்தாழ 5 மணி நேரம் முழு வலுவோடு உழைப்பதற்குச் சமமான ஆற்றலைத் தரும். ஆக, 500 வாட்-மணி. அதிலும் வெப்பம், தூசு, கம்பி, சேமக்கலம் ஆகியவை தத்தம் பங்கை எடுத்துக்கொள்ளும். பத்தில் ஏழு பங்கு கைக்கு வரும் என்று கொள்வது பாதுகாப்பான கணக்கு. அதாவது 350 வாட்-மணி. 200 தேவைப்படும் இடத்தில் 350 வருகிறது. சித்திரையில் இந்தக் கணக்கு இனிக்கும்.

கார்த்திகையில்தான் சோதனை. புதுச்சேரி தன் ஆண்டு மழையின் பெரும்பங்கைப் பெறுவது வடகிழக்குப் பருவக்காற்றால். அக்டோபர் முதல் டிசம்பர் வரை. வானம் மூடிய நாளில் 5 மணி நேரம் என்பது ஒன்றரை மணியாகச் சுருங்கினால், கிடைப்பது ஏறத்தாழ 105 வாட்-மணி. நாளொன்றுக்கு 95 குறைகிறது. அந்தக் குறையைச் சேமக்கலம் ஈடுசெய்தாக வேண்டும். 12 வோல்ட், 40 ஆம்பியர்-மணி சேமக்கலத்தின் கொள்ளளவு 480 வாட்-மணி. அது ஈயஅமில வகையாயின் பாதியை மட்டுமே எடுப்பது நல்லது; அடிக்கடி அதற்குமேல் வற்றவிட்டால் அதன் ஆயுள் குறையும். ஆக, செலவிடத்தக்கது 240. இரண்டு நாள் மூட்டத்தில் 190 கரையும், தாங்கும். மூன்றாம் நாள் 285 தேவை, தாங்காது. அந்த இரவில் விளக்கோ வானொலியோ ஒன்று அணையும்.

புயல் பிறப்பதும் இதே மாதங்களில்தான். மின்சாரம் மிகவும் தேவைப்படும் நாளும் வெயில் மிகவும் குறையும் நாளும் ஒன்றாகவே வருகின்றன. எனவே, எடுத்துச் செல்லும் சூரியத்தகட்டையும் சேமக்கலத்தையும் சித்திரை வெயிலைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பவர் கார்த்திகையில் இருளில் இருப்பார். இலித்தியம் வகைச் சேமக்கலத்தில் 80 விழுக்காடு வரை தயக்கமின்றி எடுக்கலாம். அதே 480இல் 384 கிடைக்கும். மூன்றாம் இரவும் கடந்துவிடும். எடையும் மிகக் குறைவு. விலைதான் கூடுதல்.

வெப்பம் என்னும் பெருந்தீனி

கேரவன் என்று நாம் வழங்கும் வீட்டு ஊர்திக்கு வந்தால் தேவை பெருகுகிறது. ஒரு மின்விசிறி இரவு முழுதும் சுழல 200 வாட்-மணி. ஒரு சிறு குளிர்பெட்டிக்கு நாளொன்றுக்கு 400 வாட்-மணி. முன் சொன்ன 200ஐயும் சேர்த்தால் 800. நல்ல வெயிலில் இதற்கு ஏறத்தாழ 230 வாட் தகடு போதும். மூட்டமான நாளிலோ 760 வாட் வேண்டும். ஊர்தியின் கூரையில் அதற்கு இடம் தேடுவதே பெரும்பாடு. மின் அடுப்பைப் பற்றிச் சொல்லவே வேண்டா. 1000 வாட் அடுப்பு அரைமணி நேரம் எரிந்தால் 500 வாட்-மணி தீர்ந்துவிடும்.

வெப்பத்தை உண்டாக்குவதும் அகற்றுவதும்தான் மின்சாரத்தை மிகுதியாக உண்ணும் வேலைகள். இதனை மீனவர் யாரிடமும் பாடம் கேட்டு அறியவில்லை. மீனைக் காக்க அவர்கள் ஏற்றிச் செல்வது குளிர்பெட்டியை அன்று, பனிக்கட்டியை. கரையின் மின்சாரத்தால் உருவான குளிர்ச்சியைக் கட்டியாகவே தூக்கிச் செல்லும் இந்த முறை, எந்தச் சேமக்கலத்துக்கும் குறைந்ததன்று.

ஆயினும், வெப்பம் வேண்டும் தொழிலுக்குச் சூரியத்தகடு உதவவே உதவாது என்று கூற இயலாது. திருவண்ணாமலையைச் சேர்ந்த பள்ளி மாணவி வினிஷா உமாசங்கர், கரிப்பெட்டிக்கு மாற்றாகச் சூரிய ஆற்றலில் இயங்கும் சலவைப்பெட்டி வண்டியை வடிவமைத்தார். 5 மணி நேர வெயிலில் சேர்த்த மின்சாரம் 6 மணி நேரம் துணி தேய்க்கப் போதும் என்பது அவர் கணக்கு. வெயில் இல்லாத நாளில் வேறு வழியிலும் மின்னேற்ற அவர் இடம் வைத்திருந்தது கவனிக்கத்தக்கது. 2020இல் சுவீடனின் சிறுவர் காலநிலைப் பரிசு அவருக்குக் கிடைத்தது. 2021இல் கிளாஸ்கோவில் நடந்த காலநிலை மாநாட்டில் உரையாற்றினார்.

வண்டியையே வெயிலால் ஓட்ட முடியுமா? நெதர்லாந்தின் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழக மாணவர்கள் 2021இல் 'ஸ்டெல்லா வீட்டா' என்னும் வீட்டு ஊர்தியைக் கட்டி, ஏறத்தாழ 2000 கிலோமீட்டர் ஓட்டி ஸ்பெயினின் தென்முனையை அடைந்தனர். நின்றவுடன் அதன் கூரை உயர்ந்து, தகடுகள் சிறகுபோல் விரியும். நம் அருகில், கேரளத்தின் வைக்கம்–தவணக்கடவு நீர்வழியில் 75 பேரை ஏற்றும் 'ஆதித்யா' என்னும் சூரியப்படகு 2017 சனவரி முதல் ஓடுகிறது. அமைதியான காயலில், குறுகிய தொலைவில், கரைக்குக் கரை மட்டுமே செல்வதால் அங்கே அது வெற்றி பெற்றது. அலைகடலில் வலையிழுக்கும் படகுக்கு அதே அளவுகோலைப் பொருத்த இயலாது.

வைக்கும் இடம்

வீட்டு ஊர்தியில் செல்பவருக்கு ஒரு வேடிக்கையான இக்கட்டு உண்டு. ஊர்தியை மரநிழலில் நிறுத்தினால் உள்ளே இருப்பவர் பிழைப்பர், கூரைத் தகடு சோம்பும். வெயிலில் நிறுத்தினால் தகடு உழைக்கும், மனிதர் வெந்துபோவர். மடித்து எடுத்துச் செல்லும் தகடு இங்கேதான் கைகொடுக்கிறது. ஊர்தி நிழலில் நிற்க, தகட்டை மட்டும் வெயிலில் விரித்துத் தெற்கு நோக்கிச் சற்றே சாய்த்து வைக்கலாம். இடையில் ஓடும் கம்பி தடிப்பானதாக இருக்க வேண்டும். குறைந்த மின்னழுத்தத்தில் மின்னோட்டம் மிகுதி என்பதால், மெலிந்த நீண்ட கம்பி அதில் ஒரு பங்கை வெப்பமாகவே வீணாக்கிவிடும்.

நிழல் என்றால் மரநிழல் மட்டுமன்று. பாய்மரக் கயிற்றின் நிழலோ பறவையின் எச்சமோ ஒரு கலத்தை மறைத்தாலும், தொடராக இணைந்த மற்றக் கலங்களின் ஓட்டமும் தடைப்படும். கடற்காற்று படிய வைக்கும் உப்பை நன்னீரால் கழுவ வேண்டும். வெயில் ஏற ஏறத் தகடு மிகுதியாகத் தரும் என்பதும் முழு உண்மையன்று. 25 டிகிரிக்கு மேல் உயரும் ஒவ்வொரு டிகிரி வெப்பத்துக்கும் அதன் திறன் 0.3 முதல் 0.4 விழுக்காடு வரை குறையும். மே மாத நண்பகலில் 60 டிகிரியைத் தொடும் தகடு, பத்தில் ஒரு பங்குக்கும் மேல் இழந்துவிடும். வெயில் வேண்டும்; சூடு வேண்டா. தகட்டின் அடியில் காற்றோட இடம் விடுவது இதற்காகத்தான்.

பழுதான சேமக்கலத்தைப் பற்றியும் ஒரு சொல். ஈயமும் அமிலமும் நிறைந்த பெட்டியைக் கழிமுகச் சேற்றில் எறிந்துவிட்டுத் தூய ஆற்றல் என்று பெருமை பேசுவது முறையாகாது. நண்டும் இறாலும் வளரும் இடம் அது. 2022இல் வெளியான மின்கலக் கழிவு மேலாண்மை விதிகள், பழைய சேமக்கலங்களைத் திரும்பப் பெறும் பொறுப்பை உற்பத்தியாளர்மீது சுமத்தியுள்ளன.

புயலுக்கு முன்னும் பின்னும்

2011 டிசம்பர் 30 அதிகாலையில் தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்தது. மின்கம்பங்கள் சாய்ந்தன, பல பகுதிகள் பல நாள் இருளில் கிடந்தன. நகரத்து மாடிவீடும் அந்நாள்களில் கடலில் நிற்கும் படகைப் போன்றதே. கூரையில் நிலையாகப் பொருத்திய சூரியத்தகடுகளும் எல்லா வீட்டிலும் உதவிவிடா. சேமக்கலம் இன்றி மின்வாரியக் கம்பியோடு மட்டும் இணைந்தவை, கம்பியில் மின்சாரம் நின்றதும் தாமும் நின்றுவிடும். பழுது பார்க்கக் கம்பம் ஏறும் ஊழியரின் உயிரைக் காக்கச் செய்த ஏற்பாடு அது. தனித்து இயங்கும் சிறு தகடும் சேமக்கலமும் அந்நேரத்தில் ஒரு தெருவின் கைப்பேசிகளையேனும் உயிரோடு வைத்திருக்கும்.

ஆனால், விரித்த தகடு புயற்காற்றில் பாய்போல் புடைத்துப் பறக்கும். ஆகவே, துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறும்போதே சேமக்கலத்தை நிறைத்துக்கொண்டு, தகட்டை மடித்து வீட்டுக்குள் எடுத்து வைத்துவிட வேண்டும். புயல் கடந்த பின், மேகம் விலகி முதல் வெயில் முற்றத்தில் விழும் நேரத்தில், கம்பங்கள் இன்னும் சாய்ந்தே கிடக்கும். அப்போது அதனை வெளியே கொண்டுவந்து விரித்துக்கொள்ளலாம்.