ஓதம் ஏறிய கல்சுவருக்கு எந்தப் பூச்சு?



மழைக்காலம் முடிந்ததும் நம் அறக்கட்டளைக்கு வரும் வீடு பழுதுபார்ப்பு உதவி மனுக்களில் ஒரே வாசகம் திரும்பத் திரும்ப வருகிறது: “சுவரில் ஓதம் ஏறிவிட்டது, பூச்சு உதிர்கிறது, சிமெண்ட் பூச உதவி வேண்டும்.” மனுப்போடும் வீடுகளில் பல, பாட்டனார் காலத்துக் கல்வீடுகள். அவற்றுக்குச் சிமெண்ட் மருந்தல்ல, நோய். ஏன் என்று விளக்கவே இக்கட்டுரை.

நம் கடற்கரை ஊர்களின் பழைய வீடுகளும் பள்ளிவாசல்களும் மணற்கல்லாலும் கடலில் எடுத்த பவளப்பாறைக் கல்லாலும் சுண்ணாம்புச் சாந்து வைத்துக் கட்டப்பட்டவை. ஹஜ்ஜுக்குச் சென்றவர்கள் ஜித்தாவின் பழைய நகரில் பல மாடி வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். அவையும் செங்கடலின் பவளக் கல்தான். 2014ல் யுனெஸ்கோ அந்நகரை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. இந்தக் கல் நுண்துளைகள் நிறைந்தது. பழைய சுவர்களின் அடியில் ஈரத்தைத் தடுக்கும் அடுக்கு கிடையாது. தரையின் ஈரம், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல், சுவரில் ஏறும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். மண்பானை தண்ணீரைக் குளிர வைப்பது இதே வழியில்தான். பானையின் வெளிப்புறம் முழுக்கப் பெயிண்ட் அடித்தால் தண்ணீர் குளிருமா?

சிமெண்டும் அதன்மேல் பிளாஸ்டிக் பெயிண்டும் செய்வது அதைத்தான். வெளியேற வழியில்லாத ஈரம், முழங்கால் உயரத்தில் நின்றது இடுப்புக்கு ஏறும். அதோடு வரும் உப்பு பூச்சுக்குப் பின்னால் பளிங்காகித் தள்ளும். ஓரிரு வருடம் சுவர் அழகாக இருக்கும்; பிறகு பூச்சு பாளம் பாளமாக விழும்போது கல்லின் மேல்தோலையும் பிய்த்துக்கொண்டு விழும். ஈரச் சுவரில் பூஞ்சணம் படர்வதால், இளைப்பு உள்ள பிள்ளைகளும் வயதானவர்களும்தான் அதிகம் துன்பப்படுகிறார்கள்.

வெப்பத்துக்கும் இதில் தொடர்புண்டு. அசையாத காற்றைவிடத் தண்ணீர் 20 மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும். கல்லின் துளைகளில் காற்று இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீர் இருந்தால் வெயில் சூடு எளிதாக உள்ளே வந்துவிடும். எனவே சுவரைக் காயவைப்பதே முதல் வெப்பத் தடுப்பு. அதற்குமேல் வேண்டுமானால், சுண்ணாம்புக் கலவையில் மணலில் ஒரு பகுதியைக் குறைத்து பெர்லைட் சேர்க்கலாம். இது எரிமலைக் கண்ணாடிக் கல்லைச் சூடேற்றிப் பொரித்தது. நெல்பொரி போல உள்ளே காற்றறைகள் இருக்கும். செடித் தொட்டிக்காக நர்சரிகளில் விற்பதுவும் இதுவே. ஐரோப்பாவில் குளிருக்காகப் பழைய கல்வீடுகளில் சணல்வகைத் தண்டின் சக்கையைச் சுண்ணாம்போடு பிசைந்து பூசுகிறார்கள். நமக்கு வெயில் அறையும் மேற்குச் சுவரின் வெளிப்புறத்துக்கு மட்டும் பெர்லைட் பூச்சுப் போதும். ஒற்றை மாடி வீட்டில் அதிகச் சூடு வருவது மொட்டைமாடி வழியாக. கையில் பணம் குறைவென்றால், முதலில் மாடிக்கு வெள்ளையடியுங்கள்.

பூச்சுக்கு முன் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். குளியலறைக் கழிவு, மாடிக் குழாய், பள்ளிவாசலானால் ஹவுளின் கசிவு. பல தெருக்களில் சாலையை உயர்த்தி உயர்த்தி, வெளித்தரை வீட்டுத் தரைக்கு மேலே போய்விட்டது. அதைச் சரிசெய்யாமல் எந்தப் பூச்சும் நிற்காது. பிறகு சிமெண்ட் பூச்சை உளியால், கையாலேயே, ஓதம் தெரியும் இடத்துக்கு ஒன்றரை அடி மேல்வரை உரிக்க வேண்டும். பூத்திருக்கும் உப்பை உலர்ந்த தூரிகையால் தட்டி அள்ளி அப்புறப்படுத்துங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு மீண்டும் உள்ளேதான் போகும். இரண்டடிச் சுவர் ஒரு வாரத்தில் காயாது. பிப்ரவரியில் உரித்து, கோடை முழுவதும் காயவிட்டு, ஆகஸ்டில் பூசினால் ஐப்பசி மழைக்குமுன் இறுகும். வீட்டில் நிக்காஹ் வருகிறது என்று அவசரப்படுத்துவார்கள். அந்த அவசரத்தில்தான் சிமெண்ட் மூட்டை வீட்டுக்குள் நுழைகிறது.

சுட்ட சுண்ணாம்பை நீற்றி, சல்லடையில் சலித்து, தண்ணீருக்குள் குறைந்தது இரண்டு வாரமாவது ஊறவிடுங்கள்; மாதக்கணக்கில் ஊறினால் இன்னும் நல்லது. நீற்றும்போது கொதிக்கும், தெறிக்கும். பிள்ளைகளை அருகில் விடாதீர்கள். கண்ணாடியும் கையுறையும் அவசியம். கண்ணில் பட்டால் உடனே 20 நிமிடம் சுத்தமான தண்ணீரால் கழுவிக்கொண்டே இருந்து, பிறகு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல். கடல்மணல் கூடவே கூடாது. ஈரம் அதிகமான கீழ்ப்பகுதிக்கு மணலில் கொஞ்சம் குறைத்துச் செங்கல் தூள் சேர்க்கலாம். கடுக்காய், கருப்பட்டித் தண்ணீர் கலப்பது பழைய கொத்தனார்களின் வழக்கம். ஒவ்வொரு பூச்சும் அரை அங்குலத்துக்கு மேல் வேண்டாம். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சித்தான் இறுகுகிறது. அதற்கு ஈரமும் வேண்டும். ஒரு வாரம் தண்ணீர் தெளித்து, வெயில் பக்கம் நனைத்த சாக்கு தொங்கவிடுங்கள். “ஒரு சட்டி சிமெண்ட் போட்டால் சீக்கிரம் பிடிக்கும் பாய்” என்று கொத்தனார் சொல்வார். சம்மதிக்காதீர்கள். மேலே சுண்ணாம்பு வெள்ளைதான் அடிக்க வேண்டும்.

அக்காலத்தில் பவளப்பாறையைச் சுட்டே சுண்ணாம்பு செய்தார்கள். 2001 முதல் பவளப்பாறை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, எடுப்பது குற்றம். கிளிஞ்சல் சுண்ணாம்பு போதுமானது.

பள்ளிவாசல் நிர்வாகிகளுக்கு ஒரு வார்த்தை. ஓதத்தை மறைக்க உட்சுவரில் டைல்ஸ் ஒட்டுவது இப்போது பரவி வருகிறது. அது சிமெண்டைவிட இறுக்கமாகச் சுவரை மூடும். வக்ஃபு வருமானத்தின் முதல் செலவு அந்தச் சொத்தின் பராமரிப்புக்கே என்பது ஃபிக்ஹு நூல்களின் சட்டம்; பராமரிப்பு என்றால் சுவர் நிலைக்கும்படி செய்வது, பளபளப்பாக்குவது அல்ல.

சுண்ணாம்புப் பூச்சுக்குக் கூலியும் நாளும் கூடுதல் ஆகும் என்பது உண்மை. ஆனால் அதே சுவருக்காக மூன்றாம் வருடம் மறுபடி மனுப்போடும் ஏழைக் குடும்பத்துக்கு எது மலிவு? இவ்வருடம் முதல் பழைய கல்வீடுகளின் சுவர் வேலைக்கான உதவி, சுண்ணாம்புப் பூச்சுக்கே வழங்கப்படும், இன்ஷா அல்லாஹ். மனுவுடன் சுவரின் உள், வெளிப்பக்கப் படங்களையும், ஓதம் எத்தனை அடி ஏறியிருக்கிறது, வெளித்தரை உள்தரையைவிட உயர்ந்திருக்கிறதா என்ற விவரத்தையும் எழுதித் தாருங்கள். பூச்சை உரிப்பதற்கு முன்பே தந்தால், கொத்தனாரோடு நாங்கள் நேரில் வந்து பார்க்க வசதியாக இருக்கும்.