புற்றணுவின் முகவரியைத் தேடும் நுண்துகள்கள்

“மரபணுவையே நானோ மருந்தாக்கிக் கட்டிக்குள் செலுத்துகிறார்களாமே, அது எங்களுக்கும் கிடைக்குமா?” என்று புறநோயாளிகள் பிரிவில் கேட்போர் பலர். ஒரு வரியில் விடை கூறினால் அது முழுமையாகாது என்பதால் சற்று விரிவாகவே காண்போம்.

இச்சிகிச்சையில் அளிக்கப்படுவது, அடிப்படையில், ஒரு செய்தி. ‘இந்தப் புரதத்தை உருவாக்கு’ அல்லது ‘உருவாக்காதே’ என உயிரணுவுக்குக் கட்டளையிடும் ஆர்என்ஏ அது. அதனைத் தனியே இரத்தத்தில் செலுத்தினால் அங்குள்ள நொதிகள் விரைவில் சிதைத்துவிடும். ஆகவே ஏறத்தாழ 100 நானோமீட்டர் குறுக்களவுள்ள, அதாவது தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கே உள்ள, கொழுப்புத் துகளுக்குள் பொதிந்து அனுப்புகின்றனர்.

இவ்வழியில் உருவான பட்டிசிரான் என்னும் மருந்து 2018இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. கோவிட் எம்ஆர்என்ஏ தடுப்பூசிகளும் இதே பொதியில்தான் வந்தன. ஆனால் பட்டிசிரான் புற்றுநோய்க்கானதன்று. கல்லீரலில் உருவாகும் ஒரு புரதத்தைக் குறைப்பதற்கானது. சிரை வழியே செலுத்தப்படும் கொழுப்புத் துகளின் மீது இரத்தத்திலுள்ள ஒருவகைப் புரதம் ஒட்டிக்கொள்கிறது. அப்புரதத்தை அடையாளம் காணும் ஏற்பிகள் கல்லீரல் உயிரணுக்களில் மிகுதி. எனவே துகள்களில் பெரும்பகுதி கல்லீரலுக்கே சென்று சேர்கிறது. சினைப்பையிலோ கணையத்திலோ உள்ள கட்டியை எட்டுவது சிறு அளவே. இத்துறையின் பெருந்தடை இதுவே எனலாம்.

இங்குதான் பாலிமர் மேலுறை உதவிக்கு வருகிறது. பாலிஎத்திலீன் கிளைக்கால் என்னும் பாலிமர், துகளை நோய் எதிர்ப்பு உயிரணுக்களிடமிருந்து ஓரளவு மறைத்து, இரத்தத்தில் நெடுநேரம் உலவச் செய்கிறது. இவ்வுறையுடன் கூடிய லைப்போசோமல் டாக்சோரூபிசின் 1995 முதல் பயன்பாட்டில் உள்ளது. உங்களுள் சிலர் அதனைப் பெற்றிருக்கவும் கூடும். அது கீமோதெரபி மருந்தேயன்றி மரபணுச் சிகிச்சை அன்று.

மறைப்பதோடு நில்லாமல், உறையையே முகவரியாக்க முயல்வோரும் உளர். அமெரிக்காவின் எம்ஐடி நிறுவனத்தில் பவுலா ஹேமண்ட் குழுவினர் எதிரெதிர் மின்னூட்டமுள்ள பாலிமர்களை அடுக்கடுக்காகத் துகளின் மேல் பூசுகின்றனர். வெளியடுக்கு ஹயலுரானிக் அமிலமாயின், பல புற்றணுக்களில் மிகுந்து காணப்படும் சிடி44 என்னும் ஏற்பியை அது பற்றுகிறது. ஆயினும் அவ்வேற்பி நலமான உயிரணுக்களிலும் உண்டு. சினைப்பைப் புற்றணுக்களை நாடும் வேறோர் உறையை இக்குழுவினர் எலிகளில் சோதித்துள்ளனர். எலியில் பெற்ற வெற்றி மனிதரிடத்தும் தொடரும் என உறுதிகூற இயலாது.

ஆகவே இம்முறை இன்னும் ஆய்வு நிலையிலேயே உள்ளது. எவரேனும் இதற்கெனப் பல இலட்சம் கேட்டால், நகையையோ நிலத்தையோ விற்கும் முன் இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டின் எண்ணையும், நெறிமுறைக் குழுவின் ஒப்புதலையும் கேளுங்கள். பதிவு செய்யப்பட்ட சோதனையாயின் ஒப்புதல் படிவம் உங்களுக்குப் புரியும் மொழியில் தரப்படும். சோதனையால் பாதிப்பு நேர்ந்தால் இலவச மருத்துவம் பெற 2019ஆம் ஆண்டின் விதிகள் வழிசெய்கின்றன. இதற்காகக் காத்திருந்து, நடைபெறும் சிகிச்சையை இடையில் நிறுத்த வேண்டா. நீங்கள் படித்த செய்தியை அடுத்த வருகையின்போது கையோடு கொண்டுவந்து உங்கள் மருத்துவரிடம் காட்டுங்கள்.