பதினைந்து வயதுச் சரித்திராசிரியை

சரித்திர பாடமென்றால் ஆண்டுகளையும் அரசர் பெயர்களையும் நெட்டுருப் பண்ணுவதென்றே நம்மிற் பலர் எண்ணியிருக்கின்றோம். 1791-ஆம் ஆண்டில், இங்கிலாந்து தேசத்து ஸ்டீவன்டன் என்னும் சிற்றூரில், ஒரு குருவானவர் இல்லத்திலிருந்த சிறுமி செய்த வேலையை இங்கே நோக்குவோம்.

அவளே பின்னாளில் நாவலாசிரியையாய்ப் புகழ்பெற்ற ஜேன் ஆஸ்டின். நான்காம் ஹென்றி முதல் முதலாம் சார்லஸ் வரையுள்ளாரின் சரித்திரத்தை, வீட்டார் நகைத்து மகிழுமாறு எழுதி, நவம்பர் 26-இல் முடித்தாள். தமக்கை கஸாந்திரா 13 வர்ணச் சித்திரங்கள் தீட்டினாள். ஆண்டுக் குறிப்புகள் மிகச் சிலவே வருமென முகப்பிலேயே அறிவித்துவிட்டாள். (நம் பரீட்சகர் இதனைப் பொறார்!)

இது வெறும் விளையாட்டன்று. அக்காலத்தில் பெயர்பெற்றிருந்த கோல்ட்ஸ்மித்தின் சரித்திர நூலையே அவள் பரிகசித்தாள். முற்றக் கல்லாத நூலைப் பரிகசித்தல் இயலுமோ? வீட்டிலிருந்த அந்நூலின் ஓரங்களில், ஆசிரியரை மறுத்தும் வைதும் அவள் எழுதிய குறிப்புகள் இன்றும் காணக் கிடைக்கின்றன. எலிஸபெத் அரசியின் காவலில் ஏறக்குறைய 19 ஆண்டுகள் இருந்து, 1587-இல் சிரச்சேதமுற்ற ஸ்காட்லாந்து மேரியின்மீது அவளுக்கு அளவிறந்த பரிவு. எலிஸபெத்தின்மீதோ தீராக் கோபம். சித்திரத்திலும் மேரி அழகி. எலிஸபெத்துக்கு நீண்ட மூக்கு!

பட்சபாதம் சரித்திராசிரியர்க்குக் குற்றமே. ஆயினும் அதனை அவள் மறைத்தாளில்லை, தலைப்பிலேயே ஒப்புக்கொண்டாள். பெரிய ஆசிரியர் பலரிடத்தும் இந்நேர்மையை நாம் கண்டதில்லை.

அக்கையெழுத்துப் புத்தகம் 1922-இல் அச்சேறிற்று; மூலப்பிரதி லண்டன் பிரிட்டிஷ் நூல்நிலையத்தில் இருக்கின்றது.