முதல் மாதிரிப் படகு

மாதிரிப் படகு செய்வது கைத்திறனையும் பொறுமையையும் வளர்க்கும் பொழுதுபோக்காகும். அதற்கான பாகங்கள் அடங்கிய தொகுப்புகள் கடைகளில் கிடைக்கின்றன. பெட்டியின்மேல் மூன்று பாய்மரங்களுடன் கம்பீரமாகத் தோன்றும் போர்க்கப்பலே பலரையும் முதலில் ஈர்க்கும். ஆனால், அப்படம் வேலையின் கடுமையைக் காட்டாது.

எடுத்துக்காட்டாக, 1805ஆம் ஆண்டு டிரஃபால்கர் கடற்போரில் ஈடுபட்ட 'விக்டரி' கப்பலில் 104 பீரங்கிகள் இருந்தன. அதன் மாதிரியைச் செய்பவர், சின்னஞ்சிறு பீரங்கிகளை ஒவ்வொன்றாகப் பொருத்த வேண்டும். பாய்மரங்களுக்கிடையே எண்ணற்ற நூல்களை இழுத்துக் கட்ட வேண்டும். கைதேர்ந்தவர்களுக்கே இதற்குப் பல மாதங்கள் பிடிக்கும். புதியவர் எடுத்த எடுப்பிலேயே அகலக்கால் வைத்தால், கப்பல் பாதியிலேயே பெட்டிக்குள் முடங்கிவிடும்.

ஆகவே, முதல் முயற்சிக்குத் தட்டையான அடிப்பகுதி கொண்ட சிறு துடுப்புப் படகு ஏற்றது. வளைந்த அடிப்பகுதி என்றால், மெல்லிய பலகைகளை நீரில் ஊறவைத்து, வளைத்து, ஒட்ட வேண்டும். தட்டையான படகில் அத்தொல்லை குறைவு; பாய்க்கயிறுகளும் இல்லை. அளந்து வெட்டுதல், தேய்த்து மெருகேற்றுதல், பசை காயும்வரை காத்திருத்தல் ஆகியவற்றை அதிலேயே கற்கலாம்.

பெட்டியில் குறிக்கப்பட்டுள்ள அளவு விகிதத்தையும் கவனியுங்கள். 269 மீட்டர் நீளமுள்ள டைட்டானிக் கப்பலின் மாதிரி, 1:350 விகிதத்தில் ஏறத்தாழ 77 சென்டிமீட்டர் இருக்கும். 1:700 விகிதத்தில் அதில் பாதியே இருக்கும். மாதிரி பெரிதானால் அதை வைக்க இடம் வேண்டும். மிகச் சிறிதானால் நுண்ணிய பாகங்களைப் பிடித்து ஒட்டுவது கடினம்.

பாதியில் நின்ற போர்க்கப்பலைவிட, செய்து முடித்த சிறு படகே அடுத்த முயற்சிக்குத் துணிவு தரும்.